பீசாக் மலையில் தங்கச்சி கூப்பிட்ட பேர்

பெரு நாட்டுக்குப் போனது என் யோசனை இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகளின் யோசனை. எனக்குக் கறம்பக்குடியில் உரக்கடை இருக்கிறது. நடவு நேரத்தில் கடையை அடைத்துவிட்டு இடிந்த கோட்டைகளைப் பார்க்கப் போகிற ஆள் நான் இல்லை. தங்கச்சிக்காகப் போனேன்.

தங்கச்சி கந்தர்வக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். முந்திரிக்காடும் கொஞ்சம் வயலும் உண்டு. ஒரே பையன். கரும்பு ஏற்றி ரோட்டில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரில் பைக்கோடு மோதி இறந்தான். இருபத்து மூன்று வயது. டிரெய்லரின் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. அந்த டிராக்டர்காரன் இன்றைக்கும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறான். இன்றைக்கும் விளக்கு இல்லை. ஒரு நாள் மறித்துக் கேட்டேன். "மாட்டணும்ங்க" என்றான். ஏதோ கொசுவலை மாட்டுகிற மாதிரி.

எங்கள் பக்கம் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் பெண்டாட்டியைக் கூப்பிடுவது. தங்கச்சி வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து பையன் பேரைச் சொல்லிச் சத்தம் போடுவார். தங்கச்சி தண்ணீர்ச் செம்போடு வருவாள். உள்ளேயிருந்து பையனும் "என்னப்பா" என்று வருவான். "ஒன்னைய இல்லடா, ஒங்கம்மாவ" என்பார். "அப்ப எனக்கு வேற பேரு வைங்க" என்பான் அவன். தினமும் நடக்கும் கூத்து இது. ஊர்க்காரர்களுக்கும் அவள் அவனுடைய அம்மாதான். அவளுக்கென்று இருந்த பேர் ரேஷன் கார்டோடு சரி.

அவன் போன பிறகு அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று இருமுவார். செம்பைத் தரையில் தட்டுவார். அவள் வருவாள், தண்ணீர் கொடுப்பாள், போவாள். அந்த வீட்டில் பேச்சு நின்றுபோய்விட்டது. அவள் என்னோடும் பேசவில்லை. முன்பெல்லாம் நான் கால் வைத்தால் போதும், "வந்துட்டாடா கடைக்காரி, கணக்குக் கேக்க" என்று வாயாடுவாள். எனக்கு அந்த வாய் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். வேறு எதற்காகவும் நான் விமானம் ஏறவில்லை.

மகள் எங்கள் இரண்டு பேரையும் அமெரிக்காவுக்கு அழைத்தாள். அங்கே போய் இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அமெரிக்க விசா இருந்தால் பெருவுக்குத் தனி விசா வேண்டாமாம். மலைக்காற்று பட்டால் சித்தி தெளிந்துவிடுவாள் என்று மகள் டூர் புக் பண்ணிவிட்டாள். படித்த பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு டூர் இருக்கிறது.

குஸ்கோவில் இறங்கியதும் மண்டையை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. அவ்வளவு உயரம். நாலு படி ஏறினால் நாய் மாதிரி இரைத்தது. கோகா இலை போட்ட டீ கொடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தாலும் தலைவலி குறைந்தது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கறுத்த முகம், இரண்டு பின்னல், மேலே தொப்பி. அந்தக் காலத்தில் அந்த நாட்டை ஆண்ட இங்கா ராஜாக்களின் மொழிதான் தன் வீட்டு மொழி என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் முன்னால்கூட அந்தப் பெண் கொஞ்சம் தரையில் ஊற்றினாள். பூமித்தாய்க்காம். அந்தத் தாயின் பேர் பச்சமாமா என்றாள்.

"பச்ச மாமாவா? தாயிங்கறா, மாமாங்கறா?" என்றேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பழைய தங்கச்சியாக இருந்தால் ஊருக்குப் போகும்வரை அந்த மாமாவை விட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் வழிகாட்டி பீசாக் என்ற இடத்துக்குக் கூட்டிப் போனாள். மலையையே படி படியாக வெட்டி வயலாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் கல்சுவர். மேலே ஏற ஏறக் கோயிலும் வீடுகளும். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்லும் கல்லும் சேர்கிற இடத்தில் நகம் நுழையவில்லை. சென்ற வருடம் கட்டின என் கடைச் சுவரில் கை நுழைகிறது. அந்த மேஸ்திரியைக் கூட்டிவந்து இந்தச் சுவரில் முட்டவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர். அது முழுக்க ஓட்டை. கறையான் அரித்த மரம் மாதிரி. என்ன அது என்று கேட்டேன். எல்லாம் கல்லறை என்றாள் வழிகாட்டி. செத்தவர்களைக் கைகால் மடக்கி, வயிற்றுக்குள் பிள்ளை இருக்கிற மாதிரி உட்காரவைத்து, துணி சுற்றி அந்தப் பொந்துகளில் வைத்தார்களாம். திருடர்கள் வந்து எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டார்களாம்.

எங்கள் முந்திரிக்காட்டுப் பக்கம் ஜேசிபி விட்டால் தாழி வரும். பானைக்குள் எலும்பு இருக்கும். நம் ஊர் அந்தக் காலத்து ஆட்களும் மடக்கித்தான் வைத்திருக்கிறார்கள். ஜேசிபிக்காரன் யாருக்காவது தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்று உடைத்து மண்ணோடு தள்ளிவிடுவான். தங்கச்சி காட்டில் போர் போட்டபோதும் வந்தது. உடைத்துத்தான் போட்டோம். யாரும் அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. அந்தப் பாறையைப் பார்த்தபோது நினைப்பு வந்தது. நன்றாக இல்லை அந்த நினைப்பு.

இங்கா ராஜா செத்தால் அவரை அடக்கம் பண்ண மாட்டார்களாம். உடம்பைக் காயவைத்து, உடுத்தி, அவர் வீட்டிலேயே உட்காரவைப்பார்களாம். திருவிழாவுக்குத் தூக்கி வருவார்களாம். வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டாம்.

அதுவரை வாயைத் திறக்காத தங்கச்சி கேட்டாள்: "சோறு எப்புடிக் குடுப்பாங்களாம்?"

மகள் திகைத்துப்போய் அதை ஆங்கிலத்தில் கேட்டாள். முன்னால் வைத்து, நெருப்பில் போட்டு எரிப்பார்கள், புகையை அவர்கள் சாப்பிடுவார்கள் என்று பதில் வந்தது. தங்கச்சி தலையாட்டினாள். மாதக்கணக்கில் பேசாதவள் பேசிவிட்டாள் என்று மகளுக்கு ஒரே சந்தோஷம். என் கையைக் கிள்ளினாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. தங்கச்சி அந்தப் பொந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.

இறங்கும்போது பாதை ஒடுங்கிய ஓரிடத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. தங்கச்சியின் கால் சறுக்கியது. வழிகாட்டி பாய்ந்து பிடித்திராவிட்டால் அவள் அந்தப் பள்ளத்தில். எழுந்து உட்கார்ந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

வழிகாட்டி தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஒரு விஷயம் சொன்னாள். பயந்த இடத்தில் நம் உயிரில் பாதி தங்கிவிடுமாம். இந்த மாதிரிப் பழைய இடமாக இருந்தால் கூடுதலாகத் தங்குமாம். அதனால் கிளம்பும்போது அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து, நம் பேரைச் சொல்லி நாமே கூப்பிட வேண்டும். 'வா, போவோம், இங்கே இருக்காதே' என்று. அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளையிலிருந்து எல்லோரும் செய்வார்களாம். எங்கள் ஊரில் பயந்த பிள்ளைக்குத் திருநீறு போடுவார்கள். எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை, இதிலும் இல்லை. ஆனால் அந்தப் பொம்பளை எங்களை நகரவிடவில்லை.

அவள் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு தன் பேரைச் சொன்னாள். நான் கடனுக்கு என் பேரைச் சொன்னேன். கடைசியில் தங்கச்சி பாறைப் பக்கம் திரும்பி, வாய்க்கு இரண்டு பக்கமும் கை வைத்து, பையன் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

"வாப்பா, போவோம். இங்க இருக்காத."

அவன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படிக் கத்தவில்லை. எதிர்ப்பாறையில் பட்டு அந்தப் பேர் திரும்பி வந்தது. வழிகாட்டிக்கு என்ன தெரியும்? அதுதான் இவள் பேர் என்று நினைத்து, நல்லது என்று தோளில் தட்டினாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இருபத்து மூன்று வருடம் அந்தப் பேருக்குத்தான் அவள் எழுந்து வந்தாள். 'உன்னை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிடு' என்றால் அவள் வேறு என்ன சொல்வாள்? தவறிப்போய்ச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது விமானத்தில் அவள் பாதி சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் பாதியை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் என் கையை இடித்துக்கொண்டு.

"நல்லாத் தள்ளி ஒக்காரேண்டி, எடம் கெடக்குல்ல" என்றேன்.

"இருக்கட்டும்க்கா" என்றாள்.

திருச்சி வரைக்கும் அப்படியே வந்தாள்.

ஊருக்கு வந்த பிறகு முகம் தெளிந்துவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம் வெளிநாடு போனது நல்லதாகப் போயிற்று என்றார்கள். ஆனால் அது அவள் இல்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பாள், தனக்கு ஊற்ற மறந்துவிடுவாள். குளி என்றால் குளிப்பாள். சொல்லாவிட்டால் இல்லை. ஒரு தடவை வடை சுடும்போது எண்ணெய் தெறித்துப் புறங்கை முழுக்கக் கொப்புளம். "வலிக்கலையா?" என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ மாதிரி. லைட்டெல்லாம் எரிகிறது, வீட்டில் ஆள் இல்லை. அப்படி இருந்தாள்.

மத்தியானம் மட்டும் அவளுக்கு உயிர் வரும். சாப்பாட்டு நேரத்துக்கு, பையன் பைக் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் காது கொடுப்பாள். "வந்துட்டான்" என்பாள். பைக் சைடு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கிறதாம். அந்த பைக்கை நான்தான் எடைக்குப் போட்டேன். நான் திட்டினேன். கண்டபடி திட்டினேன். அவள் சோறு போட்டு வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரை அந்தக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். தங்கச்சி அடுப்படியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் மாத்திரை அட்டையைக் கண்ணாடி இல்லாமல் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, வண்டியக் கொஞ்சம் தள்ளி வைங்க."

"எப்பப் பாரு ஒனக்கு இதே வேலடா" என்று எழுந்துபோய் ஸ்கூட்டரைத் தள்ளி வைத்தேன். ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் உறைத்தது. கொட்டகையில் யாரும் இல்லை. ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது. பயமே வரவில்லை. அவன் வந்துவிட்டான், சாப்பிடப் போகிறான் என்று மனசு சாதாரணமாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அடுப்படி வாசலில் தங்கச்சி நின்றாள். "ஒனக்கும் கேட்டுச்சா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அதற்குப் பிறகு திதி நெருங்கியது. இரண்டாம் வருடத் திதி. தங்கச்சி வீட்டுக்காரர் என் கடைக்கே வந்துவிட்டார். உர மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். யூரியா வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"திதி குடுக்கக் கூடாதுங்குறா, மதினி. வந்திருக்கவனுக்கு எப்புடிங்க திதி குடுக்குறதுன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல? சரியா சாப்பிடவும் இல்ல. இடுப்புல சேலை நிக்கல. இவளும் போயிட்டா நான் யாரைக் கூப்புட?"

யாரைக் கூப்பிட என்று கேட்ட மனிதர், அவளைப் பேர் சொல்லி ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. அதைச் சொல்ல வாய் வந்தது. அவர் அழுவதைப் பார்த்து விட்டுவிட்டேன். அவளை ஏற்கெனவே டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தோம். தூக்க மாத்திரை கொடுத்தார். தூங்கி எழுந்து மத்தியானம் சோறு போட்டாள்.

மகளுக்கு போன் பண்ணினேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூட்டர் தள்ளி வைத்ததையும் சொன்னேன். அவள் அந்த வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டாள்.

"அம்மா, சித்தி அங்கயே இருக்காங்களாம். அவங்க அவங்கள கூப்பிடல, தம்பியத்தான கூப்பிட்டாங்க. இப்பவும் கூப்பிடலாமாம். பொறந்ததுலேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளு கூப்பிடணுமாம். குரல ரெக்கார்டு பண்ணி அனுப்புனா கைடு எடுத்துட்டுப் போயி அந்த எடத்துல போட்டுவிடுறேன்னு சொல்றாங்க."

"அப்ப அவன்?"

"அது நான் கேக்கலம்மா" என்றாள்.

அப்பா அம்மா இல்லை. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். நானும் 'ஏடி', 'ஏ கழுத' என்றுதான் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கடையை வேலைக்கு நிற்கிற பையனிடம் விட்டுவிட்டுக் கண்மாய்க் கரைக்குப் போனேன். மாடுகள்தான் இருந்தன. போனைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நம்பாதவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கத்திவிட்டுப் போக வேண்டியதுதானே. என்னால் முடியவில்லை. அந்தக் குரல் இனி கேட்காமல் போய்விட்டால் என்ன பண்ணுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனைத் தூக்கி வளர்த்தவள் நானும்தான். மறுபடி ஒரு தடவை 'பெரியம்மா' என்று கேட்டால் போதும் என்றிருந்தது. அதே நேரம் கொப்புளம் வந்த அந்தக் கையும் கண்முன் நின்றது.

பட்டனை அமுக்கினேன். அவள் பேரைச் சொன்னேன். சின்ன வயசில் இருட்டும் நேரம் விளையாட்டிலிருந்து கூப்பிடுவேனே, அப்படி இழுத்துச் சொன்னேன்.

"வாடி. எந்திரிச்சு வாடி. அங்க என்னடி வேல ஒனக்கு? ஊரு பேரு தெரியாத மலையில யாரு கூட ஒக்காந்திருக்க? போதும் வா. வரலேன்னா வந்து மயிரப் புடிச்சு இழுத்துட்டு வருவேன். வாடி, தாயி."

மாடுகள் திரும்பிப் பார்த்தன. அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, இங்கே சாயங்காலம், அங்கே காலை. வழிகாட்டி பீசாக்கில் நிற்கிறாள் என்று மகள் செய்தி அனுப்பினாள். நான் தங்கச்சி வீட்டில்தான் இருந்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மேல் காற்று அடித்தது. வாசலில் யாரோ பால் கேன் இறக்கினார்கள். அப்புறம் அவள் கீரையைக் கீழே போட்டாள். புறங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கையி எரியுதுக்கா."

கொப்புளம் வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. ஆறிக்கொண்டிருந்தது. அவள் இப்போதுதான் சுட்டுக்கொண்ட மாதிரி அழுதாள். நான் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவினேன். தடவும்போதே அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். எழுந்துபோய்க் கொட்டகைக்குள் நின்றுவிட்டு வந்தாள்.

"என்ன பண்ணுன?" என்றாள்.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. சொன்னேன்.

"யாரக் கேட்டுப் பண்ணுன?" அவள் சத்தம் தெருவுக்குக் கேட்டது. "நான் ஒன்ட்ட வந்து கூப்புடச் சொன்னனா? நான் நல்லாத்தான இருந்தேன்? எம்புள்ளய வெளிய தள்ளிட்டியேடி! கடைக்காரி புத்தி, கணக்குப் பாத்துட்டல்ல? இவ வேணும், அவன் வேணாமுன்னு கணக்குப் பாத்துட்டல்ல? எந்திரி. எந்திரிச்சு வெளிய போ."

அந்த வாய். இரண்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த அதே வாய். எண்ணெய்க் கையோடு வெளியே வந்தேன்.

திதி நடந்தது. அவளே சமைத்தாளாம். பிண்டத்துக்கு மாவு பிசைந்து கொடுத்தாளாம். இடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறி, கடைசியில் தானும் ஒரு இலை போட்டுச் சாப்பிட்டாளாம். எனக்கு யார் சொன்னது என்றால், அவள் வீட்டுக்காரர். மறுநாள் கடைக்கு வந்தார்.

"நல்லாருக்கா, மதினி. நெல்லுக்கு ஏன் இன்னும் தண்ணி பாச்சலன்னு என்னையப் புடிச்சு ஏறுறா." சொல்லும்போது சிரித்தார். அப்புறம் தயங்கினார். "நீங்க கொஞ்ச நாளைக்கு அங்கிட்டு வராம இருங்க. ஒங்க பேரு எடுத்தாலே ஆடுறா."

"கொஞ்ச நாளுன்னா எம்புட்டு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அப்புறம் பொங்கல் வந்து போனது. அவள் வரவில்லை. நானும் போகவில்லை. இந்த வாரம் கறம்பக்குடிச் சந்தையில் அவளைத் தூரத்தில் பார்த்தேன். கத்தரிக்காய்க்காரியோடு விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருக்கிறது. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் போன பிறகு அவன் குரலைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வேறு யாரிடமும் நான் அதைப் பற்றிப் பேச முடியாது. அவன் குரல் கொஞ்சம் கம்மியிருந்ததே, உனக்கும் அப்படித்தான் கேட்டதா என்று அவளிடம் மட்டும்தான் கேட்க முடியும். கூட்டத்தில் அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். கூப்பிடவில்லை. அவள் பை கனத்தது போல, கை மாற்றிக்கொண்டு நடந்து போனாள்.